கூஜா மெக்கானிக்

தளவாய் என்றால் படைத்தலைவன் என்று பொருள். பேர் வைத்த அப்பனுக்கு என்னென்ன ஆசை இருந்ததோ தெரியாது. பேருக்கு உரியவர் நாற்பத்திரண்டு வயதில், தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக டிரில் மாஸ்டராக இருந்தார். அவருடைய படையில் ஒரு விசிலும் ஒரு பிரம்பும் இருந்தன. விசில் சாரல் காலத்தில் ஊதாது. பிரம்பைத் தலைமையாசிரியர் இரவல் வாங்கிப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தற்காலிகம் என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஏப்ரல் கடைசி நாளில் அவரை வேலையிலிருந்து நீக்குவார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். நடுவில் மே மாதம் முழுக்க அவர் எந்த உத்தியோகமும் இல்லாத வெறும் தளவாய். பாழாய்ப்போன கல்யாணங்களெல்லாம் அந்த மே மாதத்தில்தான் வரும். பந்தியில் யாராவது, "உங்க வீட்டுக்காரரு என்ன வேல பாக்காரு?" என்று கேட்டால், அவர் மனைவி ஆவுடைத்தாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "ஜூன் மாசத்துல டிரில் மாஸ்டரு" என்பாள். இப்படிப் பதினோரு மே மாதங்கள் போயிருந்தன. பன்னிரண்டாவது வருவதற்குள் நிரந்தரம் ஆகிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் தளவாய்க்கு இந்த உலகத்தில் இருந்த ஆசை. அதற்காக யாருக்கு வேண்டுமானாலும் சலாம் போடத் தயாராக இருந்தார். சலாம் போடுவதில் அவருக்கு முறையான ராணுவப் பயிற்சியும் உண்டு.

1961-ஆம் வருஷம் ஜூன் மாதம் சென்னையிலுள்ள விளையாட்டு மேம்பாட்டு மேற்பார்வை அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு ஓர் உத்தரவும் ஒரு மரப்பெட்டியும் வந்தன. பெட்டிக்குள் வெள்ளைத் தோல் பந்துகள், தடித்த கையுறைகள், உலக்கை மாதிரி இரண்டு மட்டைகள். அமெரிக்காவில் உள்ள ஏதோ ஒரு நல்லெண்ணச் சங்கம் நம் பிள்ளைகள் பேஸ்பால் ஆடட்டும் என்று அனுப்பிய பெட்டி அது. கூடவே எப்படிப் பந்தெறிவது என்று இங்கிலீஷில் ஒரு புத்தகமும் அனுப்பியிருந்தார்கள். அதை அலுவலகத்தில் மூன்று பேர் கொண்ட குழு தமிழாக்கி, உத்தரவாகவே அடித்து அனுப்பிவிட்டது. தலைமையாசிரியர் ஆதித்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பொருள்: தளப்பந்து ஆட்டம். இளம் கூஜாக்களுக்கு உரிய முறையில் எறிதல். தகுதியுள்ள மெக்கானிக்குகளைக் கொண்டு போதித்தல். தொடர்பாக."

குழுவைக் குறை சொல்ல முடியாது. 'பிட்சர்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வைக்கும் பாத்திரம், கூஜா என்று போட்டிருக்கிறது. அகராதி பொய் சொல்லுமா? எறியும்போது உடம்பு இயங்குகிற விதத்தைச் சொன்ன 'மெக்கானிக்ஸ்' என்ற சொல் பன்மையில் இருந்ததால் ஒருவருக்கு மேற்பட்ட மெக்கானிக் வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது.

"வே தளவாய், தளப்பந்துன்னு போட்டிருக்கு. உம்ம பேர்லயே தளம் இருக்கு. நீரே பாத்துக்கிடும்" என்றார் ஆதித்தன். ஒரு பொறுப்பை ஒருவர் தலையில் கட்டுவதற்கு இவ்வளவு பலமான காரணம் அந்தப் பள்ளியில் அதுவரை காட்டப்பட்டதில்லை.

தளவாய் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே அவருக்குப் பகீர் என்றது. ஏனென்றால் தென்காசி, குற்றாலம், இலத்தூர் வட்டாரம் முழுவதிலும் பிட்சர் என்றால் கூஜா இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அது அசாமில் தெரிந்துகொண்டது. யுத்த காலத்தில் ரோடு போடும் பட்டாளத்தில் இருந்தார். சாயங்காலமானால் அமெரிக்கச் சிப்பாய்கள் மைதானத்தில் பேஸ்பால் ஆடுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது தளவாயின் வேலை. சாப்பாட்டுக் கூடாரத்தில் தண்ணீர்க் கூஜாவைப் பிட்சர் என்பார்கள் என்று அவர் கற்று வைத்திருந்தார். முதல் நாள் ஆட்டத்தில் யாரோ ஒருவன் "பிட்சர்!" என்று கத்தினான். தளவாய் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மைதானத்து நடுவே ஓடினார். ஒரு நாள் இல்லை, நாலு நாள் ஓடினார். நடுமேட்டில் நின்று பந்தெறிகிறவனுக்குப் பேர் பிட்சர் என்று ஐந்தாம் நாள்தான் விளங்கியது. அன்றைக்கு மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது. ஆக, சென்னையில் மூன்று பேர் குழு அமைத்துச் செய்த தப்பை, பதினேழு வருஷத்துக்கு முன்பே தளவாய் தனியாளாக, எந்தப் படியும் வாங்காமல் செய்து முடித்திருந்தார்.

அப்படியானால் உடனே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அவருக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஆதித்தன் உத்தரவின் கடைசி இரண்டு வரிகளை வாசித்துவிட்டார். "இப்பயிற்சியைச் செவ்வனே நடத்தும் தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரம் செய்வது பரிசீலிக்கப்படும். இவ்வுத்தரவில் ஐயம் எழுப்புவோரின் விவரம் தனிப் படிவத்தில் அனுப்பப்பட வேண்டும்." தளவாய் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

உத்தரவு நீளமானது. கூஜா மேட்டின் மேல் நிற்க வேண்டும். கூஜா இடது காலை உயர்த்தி எறிய வேண்டும். விசை இடுப்பில் பிறக்க வேண்டும். கூஜாவின் தோளையும் முழங்கையையும் வருத்தலாகாது. ஓர் இளம் கூஜா நாளொன்றுக்கு அறுபது எறிகளுக்கு மேல் எறியலாகாது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட கூஜாக்கள் இதில் கலந்துகொள்ளத் தகுதியற்றவை.

ஆதித்தன் விரல் விட்டு எண்ணினார். "பதினாலு வயசுன்னா, நாப்பத்தேழுக்குப் பொறவு வாங்கினதா இருக்கணும். அதாவது சுதந்திர இந்தியாவில பொறந்த கூஜா. என்ன நுட்பமா யோசிச்சிருக்கான் பாத்தீரா?"

கோயில் வாசல் பாத்திரக்கடைகளில் இருந்த கூஜாக்களை எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றின் வாயிலும் பந்து நுழையவில்லை. நுழைகிற அளவு அகன்ற வாயோடு தளவாய்க்குத் தெரிந்து ஒரே ஒரு கூஜாதான் இருந்தது. அது அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. 1949-இல் கல்யாணத்துக்கு மாமியார் முப்பிடாதியம்மாள் சீராகக் கொடுத்த பித்தளைக் கூஜா. திருகு மூடியில் மாமியார் பேரே வெட்டியிருக்கும். வயது பன்னிரண்டு. முழுத் தகுதி.

"எங்கம்மா போனதுக்குப் பொறவு எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்" என்றாள் ஆவுடைத்தாய். "அத எதுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறிய?"

"நிரந்தரம் ஆகுததுக்குளா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "போனபடியே திரும்பி வரணும், சொல்லிட்டேன்" என்றாள்.

கூஜா வந்தது; அதற்குக் கால் இல்லை. இடது காலை எப்படி உயர்த்துவது? ஆதித்தன் சென்னைக்கு விளக்கம் கேட்டு எழுதினார். மூன்றே வாரத்தில் பதில் வந்துவிட்டது. "கால் இல்லாத கூஜாக்களுக்குக் கால் பொருத்திக்கொள்ளலாம். மெக்கானிக் எதற்காகப் பரிந்துரைக்கப்பட்டார் என்பதை இதிலிருந்து உணர்க." ஆதித்தன் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

தென்காசி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பஸ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த அப்துல் மஜீதைத் தேடி தளவாய் போனார். மஜீது பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். காலைத் தட்டி வெளியே வரவழைத்து, விஷயத்தைச் சொல்லி, உத்தரவையும் காட்டினார்.

"மாஸ்டரு, கூஜாவுக்கு ஈயம் பூசணும்னா ஈயக்காரங்கிட்ட போகணும். எங்கிட்ட எதுக்கு வந்திய?"

"ஈயம் பூச இல்ல மஜீது. கால் வைக்கணும்."

"கூஜாவுக்கா?"

"ஆமா. இடது கால் மட்டும் தூக்குத மாதிரி."

மஜீது கரிக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தளவாயை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். "வெயிலு அதிகமில்லியே இன்னிக்கு" என்றார். ஆனாலும் ஆள் தொழில்காரர். ஆவுடைத்தாயின் கூஜாவில் ஒரு கீறல்கூட விழாமல், இரும்பு வளையத்தில் உட்கார்கிற மாதிரி மூன்று கால் செய்து, ஒரு காலுக்குக் கீல் வைத்துக் கொடுத்தார். மூன்று காலில் இடது கால் எது என்று ஆதித்தன் மறுபடி விளக்கம் கேட்டார். "அது மெக்கானிக்கின் விருப்பத்துக்கு விடப்படுகிறது" என்று பதில் வந்தது.

பயிற்சி ஆரம்பமானது. மேட்டின் மேல் கூஜா நிற்கும். தளவாய் மூடியைத் திருகி எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு பையன் பந்தைக் கூஜாவுக்குள் போடுவான். இன்னொருவன் கூஜாவின் இடது காலைத் தூக்கிப் பிடிப்பான். மூன்றாவது பையன் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றி ஆட்டுவான். பந்து எங்கே போகும் என்பது பந்துக்கும் ஆண்டவனுக்கும் தெரிந்த விஷயம். ஒரு தடவை மத்தியானச் சோற்று அண்டாவில் விழுந்தது. ஒரு தடவை ஆதித்தன் மேல் விழுந்தது. "சரியான விசை" என்று அவர் தோளைத் தடவிக்கொண்டே பதிவேட்டில் எழுதினார். மட்டையைப் பிடித்து எதிரே நின்ற பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரை ஒரு பந்தும் வரவில்லை. அறுபது எறி முடிந்ததும் கூஜாவை நிழலில் வைத்து, வெள்ளைத் துணியால் ஒத்தடம் கொடுப்பார்கள். அதற்கும் உத்தரவில் இடம் இருந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடத்தியவர் தளவாய்தான். நான் செய்வது என்ன என்று அவர் ஒரு நாளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கூஜாவைச் சுழற்றுகிற பையன் ஒன்பதாம் வகுப்பு இசக்கியப்பன். ஊரில் அப்பாவுடைய கம்பங்காட்டில் கிளி விரட்டிப் பழகிய கை. ஒரு நாள் கூஜாவுக்கு ஓய்வு கொடுத்திருந்த நேரத்தில் அவன் பந்தை எடுத்துச் சும்மா கையால் எறிந்தான். எதிரே கையுறையில் விழுந்த சத்தம் மைதானம் பூராவும் கேட்டது. பந்தெறிகிறவன் என்றால் இவன்தான் என்று தளவாய்க்கு உடம்பு புல்லரித்தது. ஆனால் மறுநாள் பையனால் கையைத் தூக்க முடியவில்லை. கிளி விரட்டுகிற எறி வேறு, இது வேறு. தோள் வீங்கியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கூஜாவின் கீல் தளர்ந்ததைச் சரிசெய்ய மஜீதின் கொட்டகைக்குப் போனபோது இசக்கியையும் கூட்டிப் போயிருந்தார். "எப்படிலே எறிஞ்ச?" என்று மஜீது கேட்டார். பையன் செய்து காட்டினான். மஜீது ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஏலே, கையப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்துத? கை வெறும் சக்கரம். எஞ்சினு இடுப்புல இருக்கு. கால்ல கெளம்பி, இடுப்புல திரும்பி, தோள் வழியா வந்து, கடைசியிலதான் கைக்கு வரணும். எஞ்சின ஓட்டாம சக்கரத்தக் கையால உருட்டிக்கிட்டிருந்தா பஸ்ஸு பாவூர்சத்திரம் போய்ச் சேருமா?"

இசக்கி காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, மெதுவாக எறிந்து பார்த்தான். வலிக்கவில்லை. இன்னொரு தடவை எறிந்தான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

தளவாய் அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அசாமில் ஒரு சார்ஜென்ட் தன் இடுப்பில் தட்டித் தட்டிச் சின்ன வயசுச் சிப்பாய்களுக்குக் கத்திக்கொண்டிருந்தது இதுதான். உத்தரவில் இருந்ததும் இதுதான். மூன்று பேர் சேர்ந்து தப்பாய் எழுதினாலும், மெக்கானிக்கைக் கூப்பிடு என்று எழுதினார்களே, அது மட்டும் எப்படியோ சரியாகப் போய்விட்டது. அதன் பிறகு நாலு மணிக்குப் பள்ளி மைதானத்தில் கூஜாவுக்குப் பயிற்சி, ஐந்தரைக்குப் பஸ் கொட்டகைக்குப் பின்னால் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று இரண்டு நடந்தது. இரண்டாவதைப் பற்றித் தளவாய் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மேற்பார்வை அலுவலகத்தின் ஆய்வுகள் எப்போதும் ஆகஸ்டு மாதம், குற்றாலத்தில்தான் நடக்கும். மற்ற மாதங்களில் திருநெல்வேலி ஜில்லாவில் ஆய்வு செய்ய ஒன்றுமில்லை என்று பல வருஷ அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த வருஷம் தலைமை மேற்பார்வையாளர் நமசிவாயம் பதினொரு பேரோடு வந்து இறங்கினார். உதவியாளர்கள் நாலு பேர், டைப்பிஸ்ட் ஒருவர், மைத்துனர்கள் ஆறு பேர். முதல் மூன்று நாளும் அருவிகளை ஆய்வு செய்தார்கள். எண்ணெய், சீயக்காய், துண்டு, ஆளுக்கொரு குடிதண்ணீர்க் கூஜா எல்லாவற்றையும் பின்னால் சுமந்துபோனவர் தளவாய். இந்தக் கையில் ஆறு, அந்தக் கையில் ஆறு.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழம் விற்கும் ரெபேக்காள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ன மாஸ்டரு, இப்பம் கூஜா தூக்குத வேலையா?"

"எல்லாரும் மறைச்சுச் செய்யுதத நான் வெளிச்சத்துல செய்யுதேன் ரெபேக்காள்" என்றார் தளவாய். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் அன்றைக்கு அருவிச் சத்தம்கூட அவருக்கு அசாம் மைதானத்துச் சிரிப்பு மாதிரிதான் கேட்டது.

நாலாம் நாள் குற்றாலத்தில் ஒரு திடலில் விழா. சாரல் பொடிப்பொடியாய் விழுந்துகொண்டிருந்தது. நமசிவாயம் பேசினார்.

"பெரியோர்களே! நான் வாழ்நாளில் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. ஆடியவனுக்கு அதில் பற்று வந்துவிடும். பற்று வந்தால் நடுநிலைமை போய்விடும். எங்கள் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக ஒரு பிழையும் நேர்ந்ததில்லை. ஏன்? நேர்ந்த எதையும் நாங்கள் பிழை என்று பதிவதில்லை. ஒரு நாடு எத்தனை வீரர்களைப் பெற்றிருக்கிறது என்பதல்ல கேள்வி. அவர்களைப் பற்றி எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்பதே கேள்வி!"

மைத்துனர்கள் கைதட்டினார்கள். ஆவுடைத்தாயின் கூஜா பளபளவென்று மேட்டில் ஏறி நின்றது. தளவாய் மூடியைத் திருகிப் பையில் போட்டார். ஒரு பையன் பந்தை உள்ளே போட்டான்; இசக்கி கைப்பிடிக்குக் கை நீட்டினான். அவ்வளவுதான். நாவல் மரத்திலிருந்து தாட்டியான ஒரு குரங்கு இறங்கி வந்து, கூஜாவைக் கைப்பிடியோடு பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. இரும்புக் கால்கள் மட்டும் மேட்டில் நின்றன.

குரங்கு கிளையில் உட்கார்ந்து, உள்ளே தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கூஜாவை ஆட்டியது. கிடைக்காத கோபத்தில் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றியது. பந்து விர்ரென்று வெளியே வந்து, மட்டைக்காரனைத் தாண்டி, பின்னால் உட்கார்ந்திருந்த பையனின் கையுறைக்குள் விழுந்தது. இத்தனை நாள் பயிற்சியில் கூஜா நேராக எறிந்தது அந்த ஒரு தடவைதான்.

"சபாஷ்! இடது கால் உயரவில்லை. மற்றபடி முறை சரி" என்றார் நமசிவாயம். டைப்பிஸ்ட் எழுதிக்கொண்டார்.

தளவாய்க்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மாமியார் பேர் வெட்டிய மூடி பையில் இருக்கிறது; கூஜா குரங்கு கையில் இருக்கிறது; வீட்டில் ஆவுடைத்தாய் இருக்கிறாள். தன்னை மறந்து கத்திவிட்டார்: "ஏலே இசக்கி, எறிலே! எஞ்சின ஓட்டுலே!"

இசக்கி ஒரு பந்தை எடுத்தான். இடது காலை உயர்த்தினான். இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது, கை கடைசியில் வந்தது. மெக்கானிக் என்ற முறையில் விழாவுக்கு வந்து மரத்துக்குக் கீழே நின்ற மஜீது, "அப்படிப் போடு!" என்றார். கூஜாவில் பட்டு 'ணங்' என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். திடலில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். குரங்கு கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவிச் செண்பகாதேவி அருவிப் பக்கமாய் மலையேறிப் போய்விட்டது.

நமசிவாயம் எழுந்துவிட்டார். "யார் அவன்? பந்தைக் கையால் எறிந்தவன் யார்? கூஜாதான் எறிய வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. குரங்குக்குத் தெரிந்த ஒழுங்கு இவனுக்குத் தெரியவில்லையே! இவன் பேரை அடியுங்கள். இனி எந்த மைதானத்திலும் இவன் கால் வைக்கக் கூடாது."

இசக்கி அழவில்லை. கையிலிருந்த இன்னொரு பந்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே தளவாயைப் பார்த்தான். பதினோரு மே மாதங்களும் வரிசையாக வந்து தளவாயின் கண் முன்னால் நின்றன. இந்த நேரத்தில் ஒரு சலாம் போட்டு, "உத்தரவு ஐயா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிரந்தரம் கையில் இருக்கிறது. சலாம் போடக் கையைத் தூக்கவும் தூக்கினார். கை பாதியில் நின்றுவிட்டது. பையன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, பிட்சர்னா கூஜா இல்ல" என்றார். "மனுசன். பந்தெறியுத மனுசன். இந்தா நிக்கானே, இவந்தான் பிட்சர்."

ஆதித்தன் கண்ணாடியைக் கழற்றினார். தளவாய் நிறுத்தவில்லை. அசாமையும், அங்கே கூஜாவோடு ஓடிய நாலு நாளையும், ஒன்று விடாமல் சொன்னார்.

"இது உமக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்றார் நமசிவாயம்.

"பதினேழு வருசமாத் தெரியும் ஐயா."

"உத்தரவு வந்தபோது ஏன் சொல்லவில்லை?"

"நிரந்தரம் ஆகணும்னுதான் ஐயா."

நமசிவாயம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கோபம் போய், நெடுநாள் கழித்துச் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி ஒரு கனிவு வந்தது. "உண்மை தெரிந்தும் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் கூஜாவுக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறீர். எங்கள் அலுவலகத்துக்கு ஏற்ற ஆள் நீர்" என்றார். தளவாய்க்கு அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மைத்துனர்களோடு கலந்து பேசிவிட்டு நமசிவாயம் மறுபடி மேடை ஏறினார். அலுவலகத்தில் பிழை நேராது. ஆகவே கூஜா என்பது பிழை இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு விரிந்த பொருள் உண்டு. "இனி, கூஜா என்பதில் மனிதரும் அடங்குவர்" என்று அறிவித்தார். அதன்படி இசக்கியப்பன் அங்கேயே, அப்போதே இளம் கூஜாவாகப் பதிவு செய்யப்பட்டான். பேர் எதுவானால் என்ன, அவன் மைதானத்தில் நிற்கலாம்; கையால் எறியலாம். மஜீதுக்குக் 'கூஜா மெக்கானிக்' என்று முத்திரை குத்திய சான்றிதழ் கிடைத்தது. அதை அவர் கொட்டகையில் மழை ஒழுகுகிற இடத்தில் ஒட்டிவைத்தார்.

அக்டோபர் மாதம் தளவாய்க்கு உத்தரவு வந்தது. அதுவரைக்கும் வீட்டில், கூஜா ஆபீசில் ஆய்வில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்திருந்தார். அன்றைக்குக் காகிதத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஆவுடை, நிரந்தரம் ஆயிட்டுளா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விசுவநாதர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு, "என் கூஜா எங்க?" என்றாள்.

தளவாய் காகிதத்தை நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "திரு. தளவாய் அவர்கள், மறு உத்தரவு வரை, முதுநிலைக் கூஜாவாக நிரந்தரம் செய்யப்படுகிறார்." இரண்டாம் தடவையும் வாசித்தாள். தளவாய் பையிலிருந்து மூடியை எடுத்து அவள் கையில் வைத்தார். குரங்கு விஷயத்தையும் திடலில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அவள் அம்மா பேரை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மா குடுத்தது, வேணும்னு திருகினா வாயத் தெறக்கும்" என்றாள் கடைசியில்.

"இந்தக் கூஜாவும் ஒரு தடவ தெறந்துச்சுல்லா" என்றார் தளவாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்குத்தான் நிரந்தரமா மூடி போட்டுட்டாவளாக்கும்" என்றாள் ஆவுடைத்தாய். சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தளவாய்க்கும் வந்தது.

அடுத்த மே மாதம் இலத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரி வழக்கம்போல, "உங்க வீட்டுக்காரரு என்ன வேல பாக்காரு?" என்று கேட்டாள். ஆவுடைத்தாய் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"கூஜா" என்றாள். "பன்னெண்டு மாசமும்."